நூறு டிகிரி பயமும் டீசல் டிரக்கும்

அமெரிக்காவில் கனமான டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு மலையேறும் டீசல் டிரக் ஓட்டுனரின் கண் அடிக்கடி போவது கூலன்ட் வெப்பநிலை காட்டும் முள்ளின் மேல்தான். அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நெஞ்சு படபடக்கும். தண்ணீர் கொதிப்பது 100-ல்தானே! இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1885-ல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. போகும் வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும்! 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் கொதிநிலை மாறவில்லை. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பாலைவன மலைச்சாலைகளில் கார்களின் முன்னால் தண்ணீர்ப் பைகள் தொங்கின.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு மாற்றங்கள் பரவலாயின. ஒன்று, அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடி. மற்றொன்று, தண்ணீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்கால். இரண்டும் சரிபாதி கலந்து, 15 பி.எஸ்.ஐ. மூடியும் போட்டால், கொதிநிலை சுமார் 129 டிகிரிக்கு உயர்கிறது. நூறு டிகிரி என்ற பழைய எல்லை அன்றே உடைந்துவிட்டது.

1989-ல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் டர்போ டீசல் எஞ்சின் வந்தது. அதன்பின் டீசல் பிக்கப்புகளில் இழுவைப் போட்டி சூடுபிடித்தது. பாரம் இழுக்கும்போது டீசல் அதிகம் எரிகிறது, வெப்பமும் கூடுகிறது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைகிறது. "என் வண்டி இவ்வளவு இழுக்கும்" என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. 2008-ல் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது விதியை வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றம்தான் அதன் தேர்வுக்களம். சுமார் 18 கிலோமீட்டர் தூரம், 38 டிகிரி வெயில், ஏ.சி. முழுவேகத்தில்! அத்தனைக்கும் நடுவே எஞ்சின் சூடேறி எச்சரிக்கை காட்டாமல் ஏற வேண்டும்.

அப்படியானால் எது பாதுகாப்பான அளவு? பொதுவாக தெர்மோஸ்டாட் 82 முதல் 93 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். பாரத்தோடு ஏறும்போது 100, 105 வரை போவது பெரும்பாலும் இயல்பே. 110-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் கியரையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரம் கட்டுவதே வழி. இல்லையேல் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். சரியான எல்லை வண்டிக்கு வண்டி மாறும். அதை வண்டியோடு வரும் கையேடு சொல்லும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அதுவரை அடங்கிக் கிடந்த கூலன்ட் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சினைக் காப்பாற்றும் அதே அழுத்தம் ஆளைச் சுட்டுவிடும்!