நோட்பேடைத் திறந்தாலே பழைய டேப்கள் வந்து நிற்கிறதா? இதைச் செய்யுங்க

விண்டோஸ் 11-ல் நோட்பேடை மொத்தமாக மூடினால், 'சேவ் பண்ணட்டுமா?' என்று இப்போது அது கேட்பதில்லை. 2023-ல் வந்த மாற்றம் இது. சேவ் செய்யாத எழுத்தையும் 'டேப்ஸ்டேட்' என்ற ஃபோல்டரில் தானாகவே எடுத்துவைத்து, அடுத்த முறை திறந்ததும் அப்படியே காட்டிவிடும். வசதிதான். ஆனால் பிரவுசிங் சென்டரில் நீங்க தட்டிவைத்த பாஸ்வேர்டு, அடுத்து உட்காருபவர் கண்ணில் பட்டால்?

வலது மேல் மூலையில் இருக்கும் பல்சக்கர ஐகானை கிளிக் செய்யுங்க. 'வென் நோட்பேட் ஸ்டார்ட்ஸ்' பகுதியில், 'நியூ செஷன்' என்ற சொற்கள் உள்ள ஆப்ஷனைத் தேர்வு செய்தால் போதும். இனி வெற்றுப் பக்கம்தான் வரும்.

அதற்கு முன்னாடி, திறந்திருக்கும் ஒவ்வொரு டேபையும் ஒருமுறை பார்த்து, வேண்டியதை சேவ் செய்துடுங்க. சேவ் ஆகாத குறிப்பு அழிந்தால் ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது.