இலக்கில்லா அம்பெய்தல் பயிற்சி

இலக்கில்லா அம்பெய்தல் பயிற்சி என்பது குறி பார்க்காமல், எய்யும் முறையை மட்டும் பழகுவதற்காக வில்லாளர்கள் மேற்கொள்ளும் பயிற்சி ஆகும். வளையங்கள் வரைந்த இலக்குத்தாள் ஒட்டப்படாத வைக்கோல் திண்டின் முன் மிக அருகில் நின்று அம்பு எய்யப்படும். இது 'பிளாங்க் பேல்' என்றும் அழைக்கப்படுகிறது. புதிதாகக் கற்போரும் தேர்ந்த போட்டியாளர்களும் இதனைக் கைக்கொள்கின்றனர்.

மரபில்

வில் பற்றிய கதைகள் பெரும்பாலும் குறி தவறாமையையே புகழ்கின்றன. துரோணர் வைத்த தேர்வில் அருச்சுனன் பறவையின் தலையை மட்டுமே கண்டதாக மகாபாரதம் கூறும். திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே உள்ள கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஆயினும் எய்பவர் நிற்கும் முறைக்கும் தமிழில் தனிப் பெயர்கள் உண்டு. பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என்னும் நான்கும் 'வில்லோர் நிலை' எனப்படும். அக்கினி புராணத்தின் வில்வித்தைப் பகுதியிலும் நிலைகள் விரிவாகப் பேசப்படுகின்றன.

இலக்கில்லாப் பயிற்சியைத் தனிப் படியாகவே வளர்த்தது சப்பானிய வில்வித்தையான கியூடோ ஆகும். அதில் 'மகிவரா' எனப்படும் இறுகக் கட்டிய வைக்கோல் உருளையை நோக்கி ஏறக்குறைய ஒரு வில்லின் நீளத் தொலைவில், அதாவது இரண்டு மீட்டர் அளவில் நின்று எய்வர். இவ்வளவு அருகில் தவறவிடுதல் அரிது. எனவே பட்டதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. 28 மீட்டர் தொலைவிலுள்ள 36 செ.மீ. இலக்கு அதற்குப் பின்னரே. 1924 முதல் 1929 வரை செண்டாயில் மெய்யியல் கற்பித்த செருமானியர் ஆய்கன் ஹெர்ரிகல், அவா கென்சோவிடம் இவ்வாறு நெடுங்காலம் வைக்கோலை நோக்கி எய்த பின்னரே இலக்கின் முன் நின்றதை 1948இல் வெளியான தம் நூலில் விவரித்தார். அந்நூல் காட்டும் சென் விளக்கத்தை யமதா சோஜி பின்னாளில் மறுத்துள்ளார். ஆனால் மகிவரா பயிற்சி கியூடோவில் இன்றும் பொதுவானதே.

செய்முறை

திண்டு தோள் உயரத்தில் வைக்கப்படும். வில்லாளர் மூன்று முதல் ஐந்து மீட்டர் தொலைவில் நிற்பார். குறிகாட்டி பொருத்தியிருந்தால் கழற்றிவிடுவது வழக்கம். ஒரு முறைக்கு ஒரு கூறு மட்டுமே கவனிக்கப்படும்: கால்களின் ஊன்றல், வில்லைப் பிடிக்கும் கையின் தளர்ச்சி, நாணை இழுத்த கை தாடையில் படியும் இடம், முதுகுத் தசைகளின் இழுப்பு, விடுத்தபின் கை செல்லும் திசை ஆகியவற்றுள் ஒன்று. அம்பு திண்டை நோக்கியிருப்பதை உறுதி செய்தபின் கண்களை மூடிக்கொள்வதும் உண்டு. பார்வை விலகும்போது, அதுவரை உணரப்படாத தோள் இறுக்கம் முதலியவை புலப்படும்.

இலக்கில்லாமல் எய்வது வேறு, அம்பில்லாமல் நாணை விடுவது வேறு. பின்னது ஒருபோதும் கூடாது. அம்பு கொண்டு செல்லவேண்டிய ஆற்றல் வில்லிலேயே தங்கி அதன் கைகளைப் பிளந்துவிடக்கூடும். ஒரே இடத்தில் பல அம்புகளை எய்தால் ஒன்றையொன்று உடைக்கும் என்பதால் ஒன்றிரண்டு எய்தவுடன் பிடுங்கிவிடுவர்.

இலக்கு அச்சம்

இப்பயிற்சி மிகவும் வேண்டப்படுவது இலக்கு அச்சத்துக்கு ஆளானவர்களுக்கே. ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டரில் வைக்கப்படும் 122 செ.மீ. இலக்கில், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. அச்சத்துக்கு ஆளானவரின் குறி மஞ்சள் நடுவத்துக்குக் கீழே உறைந்து நின்றுவிடும். அல்லது நடுவத்தைத் தொட்ட கணமே கை தானாக நாணை விட்டுவிடும். இது கோழைத்தனமன்று, ஆண்டுக்கணக்கில் பழகியவர்களையும் பிடிக்கிறது. இதனால் வில்லையே கைவிட்டவர்களும் உண்டு. குறி நடுவத்தைக் கண்டதும் விடுதல் என்ற பிணைப்பே இதன் வேர் என்று பயிற்றுநர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். இலக்குத்தாளை அகற்றினால் அப்பிணைப்புக்கு இடமில்லை.

ஆனால் சில நாள் திண்டில் எய்துவிட்டு நேரே 70 மீட்டருக்குத் திரும்பினால் பழைய நடுக்கமும் திரும்பிவிடும். ஆகவே முதலில் பெரிய இலக்குத்தாளை அருகில் வைத்து எய்து, நிலை மாறாதபோது மட்டும் தொலைவு சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது. நடுக்கம் மீண்டும் தோன்றினால் முந்தைய தொலைவுக்கோ, வெறும் திண்டுக்கோ திரும்புவர்.