சூரியனில் கண்ட வாயுவும் சமுத்திரத்தின் சாக்ஷியமும்

மைசூர் அக்ரஹாரத்து மாடியிலிருந்து நாம் தினமும் காணும் சாமுண்டி மலை, ஒரே கல்லில் வடித்த நந்தியைத் தாங்கி அசைவற்று நிற்பதாகத் தோன்றினாலும், அதன் கருங்கல்லில் அணுப்பிரமாணமாய்க் கலந்துள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து, யுகயுகாந்தரமாக ஹீலியம்-4 என்னும் வாயுவைப் பிறப்பித்துக்கொண்டேயிருக்கின்றன. அதனினும் லேசான ஹீலியம்-3 வேறு வம்சத்தது. பூமி உருவான நாளிலேயே அகப்பட்டு, பூகர்ப்பத்தின் ஆழத்தில் இன்றளவும் தங்கியிருக்கும் ஆதிப்பொருள் அது.

காற்றில் ஏறத்தாழ 7 லட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்கு ஒன்றே ஹீலியம்-3. நிலப்பாறைகள் ஈனும் வாயுவில் இந்த விகிதம் மிக மிகச் சொற்பம். கடலடி மலைத்தொடர்களில் பிறக்கும் எரிமலைப் பாறையிலோ காற்றைப்போல் சுமார் 8 மடங்கு. ஆகையால், 1969-ல் கிளார்க், பெக், கிரெய்க் ஆகிய மூவரும் பசிபிக்கின் ஆழநீரில் ஹீலியம்-3 மிகுந்திருப்பதைக் கண்டபோது, பூகர்ப்ப வாயு இன்றும் சமுத்திரத்துக்குள் கசிகிறது என்பது ருசுவாயிற்று. 1981-ல் லப்டனும் கிரெய்க்கும், கிழக்குப் பசிபிக் மலைத்தொடரிலிருந்து சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஹீலியம்-3 மிகுந்த நீர் மேற்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் படர்ந்திருப்பதைக் காட்டினார்கள். அத்தொடரின் வெந்நீரூற்றுகள் கக்கும் இரும்பும் மாங்கனீசும் பெரும்பகுதி வழியிலேயே படிந்துவிட, எதனோடும் கூடாத, எவ்வுயிரும் உண்ணாத ஹீலியமோ நீர் போகுமிடமெல்லாம் உடன்போகிறது. மேல்நீரில் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்தும் ஹீலியம்-3 உண்டாவதால், ஆழநீரின் சாக்ஷியமே இதில் கலப்பற்றது.

அந்த நீரைக் கொணர்வதும் ஒரு நுட்பமான வித்தை. கண்ணாடியினூடேயும் ஹீலியம் ஊடுருவிவிடுமாதலால், கப்பல் தளத்தில் ஒரு குமிழிகூடப் புகாதபடி செப்புக் குழாயில் நீரை ஓடவிட்டு, இரு முனைகளையும் இறுக்கி நசுக்கி மூடுகிறார்கள்.

நம் இந்தியப் பெருங்கடலிலும் கார்ல்ஸ்பெர்க் தொடர், மத்திய இந்தியத் தொடர் என மலைகள் கடலடியில் நீண்டு கிடக்கின்றன. கைரேய் என்னும் வெந்நீரூற்று 2000-ல் அங்கே கண்டறியப்பட்டது. 2024 டிசம்பரில் நம் விஞ்ஞானிகளே 4,500 மீட்டர் ஆழத்தில் மற்றொன்றைப் படம்பிடித்தார்கள்.

இந்த ஹீலியம் முதலில் தென்பட்டதோ சூரியனில். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி பூரண சூரிய கிரகணத்தின்போது, குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலார் ஜான்சன் சூரியனின் ஒளிக்கோடுகளை ஆராய்ந்தார். பின்னர் ஹீலியத்தினுடையது என்று அறியப்பட்ட மஞ்சள் கோடு அவ்வாண்டுதான் கவனத்துக்கு வந்தது. அதே கிரகணத்தைக் காணச் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் வனபர்த்திக்குச் சென்றிருந்தார். அவர் வழியில் ரசாயனமும் பௌதிகமும் கற்கும் நம் பிள்ளைகளில் இருவரேனும் இனிச் சமுத்திரத்தை நோக்கிச் செல்ல வேண்டும். அதற்கான ஆராய்ச்சி நிலையங்கள் கோவாவிலும் சென்னையிலும் இருக்கின்றன.