தீவகம் ஆய்வுப் பொருளான வரலாறு: நெடுந்தீவும் அயல் தீவுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பரந்து கிடக்கும் தீவகத்தின் கடைக்கோடியில் உள்ளது நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் சென்றடைய வேண்டிய, சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தட்டையான தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை; பல்கலைக்கழகமோ ஆய்வுகூடமோ அங்கு இருந்ததுமில்லை. ஆயினும் கடந்த மூன்றரை நூற்றாண்டுகளில் மொழியியல், நிலவியல், நீரியல், தாவரவியல், கல்வெட்டியல், உளவியல், கணினியியல் எனப் பல துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தீவையும் ஊர்காவற்றுறை, நயினாதீவு முதலிய அயல் தீவுகளையும், அவை சார்ந்த யாழ்ப்பாணச் சமூகத்தையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டன. தீவகத்தின் கதையை எந்தத் தனித்துறையாலும் முழுமையாகச் சொல்ல இயலவில்லை என்பதும், ஒரு துறை கைவிட்ட வினாவை மற்றொரு துறையே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது என்பதும் அந்த வரலாறு உணர்த்தும் உண்மைகளாகும்.

தீவகத்தைப் பற்றிய ஐரோப்பியப் பதிவுகள் ஆட்சியின் தேவையிலிருந்தே பிறந்தன. போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்ற பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டியதால் நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மதகுருவாகப் பணியாற்றிய பிலிப்பஸ் பால்தேயஸ், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதி 1672இல் வெளிவந்த பெருநூல், ஊர்களையும் கோயில்களையும் வழக்கங்களையும் விவரித்ததோடு, தமிழ் எழுத்துகளையும் சில இலக்கணக் குறிப்புகளையும் ஐரோப்பிய வாசகருக்கு அச்சில் அறிமுகப்படுத்தியது. நிலத்தை அளப்பதும் மொழியைக் கற்பதும் அன்று மதம் பரப்புவதற்கும் வரி திரட்டுவதற்கும் துணையான கருவிகளாக இருந்தன. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை இடவிவர அகராதியுடன் உள்நாட்டு அறிஞர் ஒருவரே இலங்கையின் ஊர்களை முறையாகத் தொகுத்து விவரிக்கும் மரபு வலுப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் நிலவியலாளர் வேறொரு கேள்வியுடன் வந்தனர். வேலண்ட், டேவிஸ் ஆகிய இருவரும் 1923இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் வடமேற்குக் கரையோரச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக்குரியது எனப் புதைபடிவங்களைக் கொண்டு விளக்கியது. மயோசீன் என்பது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற நிலவியல் காலப்பகுதியாகும். குடாநாடும் தீவகமும் இந்தச் சுண்ணாம்புக்கல்லின் மேலேயே அமைந்துள்ளன. நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றிச் சாந்து எதுவுமின்றி முருகைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டுள்ள மதில்கள், நிலத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வாழ்வை அமைத்துக்கொண்ட மக்களின் கட்டடக் கலையைக் காட்டுகின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள துளைகளின் வழியாகக் கடற்காற்று ஊடுருவிச் செல்வதால், தடையற்ற வெளியில் வீசும் பலத்த காற்றுக்கும் அம்மதில்கள் எளிதில் சாய்வதில்லை.

அதே சுண்ணாம்புக்கல்தான் தீவின் தண்ணீரையும் தீர்மானிக்கிறது. வடகீழ்ப் பருவமழை நிலத்துள் இறங்கி, பாறை இடுக்குகளில் ஊறியுள்ள கடல்நீரின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. இதனை நீரியலாளர் நன்னீர் வில்லை என்பர். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் அப்பெயர் பெற்றது. ஒல்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் கைபென் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே வகுத்த விதி இதன் இயக்கத்தை விளக்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது; ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது நிலைபெறும். இதன் மறுபக்கமே தீவகத்தாருக்கு முக்கியமானது. அளவுமீறி இறைத்து நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக்கூடும். நெடுந்தீவின் சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகளில் நன்னீர் ஊற, வேறு பல இடங்களில் தோண்டிய கிணறுகள் உவராக இருப்பதற்கும், துலாவாலும் வாளியாலும் அளவோடு இறைத்த தலைமுறைகள் அக்கிணறுகளைக் காத்து வந்ததற்கும் இவ்விதியில் விளக்கம் உண்டு. விதி வகுக்கப்படுவதற்கு முன்னரே, எங்கு தோண்டலாம், எவ்வளவு இறைக்கலாம் என்பது ஊராரின் பட்டறிவில் இருந்தது.

உயிரினங்களைப் பற்றிய ஆய்வு, தீவு தனித்துக் கிடந்த இடமன்று என்பதை வெளிப்படுத்தியது. நெடுந்தீவிலும் மன்னாரிலும் பெருக்குமரம் என்றும் தமிழகத்தில் ஆனைப்புளி, பொந்தன்புளி என்றும் வழங்கும் மரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இத்தகைய விளக்கத்தை மரத்தின் பருமனைப் பார்த்து உறுதிசெய்ய இயலாது. பெல், ரங்கன், குல் முதலியோர் 2015இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்குமரங்கள் ஒரே தடவையில் வந்தவை அல்ல என்றும், ஆபிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் கொண்டுவரப்பட்டவை என்றும் காட்டியது. வணிகர், அடிமைகளாகவும் போர்வீரராகவும் வந்த ஆபிரிக்கர், ஐரோப்பியக் கப்பல்கள் எனப் பல வழிகள் அதில் கணக்கில் கொள்ளப்பட்டன. ஒரு மரத்தின் வரலாற்றை அறியத் தாவரவியலாளர் கடல்வணிக வரலாற்றையும், வரலாற்றாசிரியர் மரபணுவியலையும் நாட வேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

நெடுந்தீவின் குதிரைகளும் இதே வகையான வினாவை எழுப்புகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவு குதிரை வளர்ப்பு நிலமாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அத்தொழிலை நடத்தினார். தொழில் கைவிடப்பட்டபின் எஞ்சியவை கட்டற்று மேயும் மந்தைகளாயின. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு இம்மந்தைகளும் ஒரு காரணம். ஆனால் தீவகத்தின் குதிரை வரலாறு ஐரோப்பியருடன் தொடங்கவில்லை என்பதற்குச் சான்று, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையான அக்கல்வெட்டைக் கா. இந்திரபாலா வாசித்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கை அரச பண்டாரம் எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட வேண்டும். ஏனைய சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்பதே விதி.

இந்தச் சிறு வேறுபாட்டில் ஒரு பொருளாதாரக் கொள்கை அடங்கியிருக்கிறது. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவரும் வணிகன் கடலில் இழப்பதைக் குறைத்தால் அவன் மீண்டும் வருவான் என்ற கணக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் ஆணை பொறித்தமை, அக்கடற்பரப்பில் வணிகம் நடத்தியோரின் பொது மொழி எது என்பதையும் உணர்த்துகிறது. ஆயினும் குதிரைகள் வந்த வழியையே கல்வெட்டு சொல்கிறது; இன்று நெடுந்தீவில் மேயும் குதிரைகள் எவற்றின் வழிவந்தவை என்பதை அது சொல்லாது. அங்கே கல்வெட்டியலின் எல்லை முடிந்து உயிரியலின் எல்லை தொடங்குகிறது.

மொழியாய்வில் தீவகம் ஆய்வுப் பொருளாக மட்டும் நிற்காமல் ஆய்வாளரையும் தந்தது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 சனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக அவரே முன்னின்றார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. அந்தாவோ த புரொவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் அரிய படியை ஐரோப்பிய நூலகத்தில் கண்டெடுத்து, அதே 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டதும் அவருடைய பணி. தமிழைக் கற்க ஐரோப்பிய மதகுருமார் உருவாக்கிய கருவி, தமிழரான மதகுரு ஒருவரால் தமிழாய்வின் சான்றாக மாற்றப்பட்டது. பேச்சுமொழியாய்வில் சு. சுசீந்திரராசா, ச. தனஞ்செயராசசிங்கம் முதலியோர் யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் நவீன மொழியியல் முறையில் விவரித்தனர். தமிழகப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோன உகரச் சுட்டு, அதாவது ‘உது’, ‘உவன்’ போன்ற வடிவங்கள், யாழ்ப்பாணத்தில் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருப்பது இவ்வகை ஆய்வுகளால் உலக மொழியியலாளரின் கவனத்துக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் 1974இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபின், வெளியிலிருந்து வந்த பல துறைகளுக்கும் அருகிலேயே ஒரு தளம் அமைந்தது. ஆனால் அடுத்து வந்தது உள்நாட்டுப் போர்க்காலம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் பயணிகள் பலர் கடலில் வைத்தே கொல்லப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் பல ஊர்கள் வெறிச்சோடின. இத்தகைய இழப்பை உளவியல் எவ்வாறு அளப்பது என்ற கேள்விக்கு, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூலிலும் 2007இல் வெளியான கட்டுரையிலும் விடை தேடினார். தனியாளின் நோய்க்குறிகளை மட்டும் பட்டியலிடும் மேலைநாட்டு அளவுகோல் போதாது என்றும், குடும்பம், ஊர், கோயில், தொழில் ஆகிய பிணைப்புகள் ஒருசேர அறுபடும்போது சமூகமே காயப்படுகிறது என்றும் அவர் வாதிட்டார். கூட்டு மனவடு என்ற கருத்தாக்கம் இதனையே குறிக்கிறது. கிணறு, மதில், கோயில் எல்லாம் இருந்தும் அவற்றைப் பயன்படுத்த ஆளில்லாத ஊரில், முன்னைய துறைகள் அளந்த பொருள்களுக்கெல்லாம் மனிதரோடு உள்ள உறவு இவ்வாய்வால்தான் வெளிப்பட்டது.

போருக்கு முன்பே வன்முறை அழித்தவற்றுள் ஆவணங்களும் அடங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கோயில் மலர்களையும் ஊர் வரலாறுகளையும் ஒளிப்படிகளாக இணையத்தில் சேர்த்து வருகிறது. ஒளிப்படியாக இருக்கும் பக்கத்தைக் கணினி தேடுவதற்கு எழுத்துணரி வேண்டும். தேடிய சொல்லை அடையாளம் காண்பதற்கு உருபனியல் பகுப்பு வேண்டும். உருபனியல் பகுப்பு என்பது ‘நெடுந்தீவிலிருந்து’ என்ற வடிவத்தில் ‘நெடுந்தீவு’ என்ற பெயரையும் அதனோடு சேர்ந்த உருபுகளையும் பிரித்தறிவதாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோருடன் இணைந்து 2021இல் வெளியிட்ட ‘தமிழி மோர்ஃப்’ என்னும் பகுப்பி இத்துறையில் குறிப்பிடத்தக்கது. சுசீந்திரராசா போன்றோரின் இலக்கண விவரிப்பும் கணினியின் விதிமுறையும் ஒரே பணியில் சந்திக்கும் இடம் இது.

இவ்வாறு நோக்கும்போது, தீவகத்தைப் பற்றிய அறிவு ஒரே நேர்கோட்டில் வளர்ந்ததாகக் கொள்ள முடியாது. ஆட்சியாளரின் தேவையில் தொடங்கிய விவரிப்பு படிப்படியாக அறிவுத் தேடலாகவும், பின் மக்களின் துயரையும் மொழியையும் அவர்கள் பக்கம் நின்று பேசும் ஆய்வாகவும் மாறியது. ஆனால் ஒரு குறை இன்றும் தொடர்கிறது: பாறை, நீர், மரபணு, மனம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஆங்கில ஆய்விதழ்களில் வெளியாகி அங்கேயே நின்றுவிடுகின்றன. உவரைத் தவிர்த்துக் கிணறு தோண்டிய முதியவரின் அறிவும் மதில் அடுக்கியவரின் கைப்பழக்கமும் ஆய்வாளருக்குச் சான்றாயின. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வின் முடிவு தமிழில் கிடைப்பதில்லை. இனி நெடுந்தீவுக்கு எந்தத் துறையின் ஆய்வாளர் சென்றாலும், தம் ஆய்வின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைத் தீவின் பாடசாலைகளிலும் எண்ணிம நூலகத்திலும் வைத்துச் செல்வதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களும் அதனை ஆய்வு அனுமதியின் நிபந்தனையாக ஆக்க வேண்டும்.