இன்னொரு சிலம்பு

பூம்புகாரில் 1973-ல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதை முழுசாகக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்கூல் டூர் போன எல்லோருக்கும் நினைவில் நிற்பது என்னவோ அந்த ஒரு காட்சிதான்: பாண்டியன் அவை, கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி.

யோசித்துப் பார்த்தால் அது ஒரு சொத்து வழக்கும்கூட! புகாரிலிருந்து போன ஒரு பெண், ‘இது என் பொருள்’ என்கிறாள். ராணியின் சிலம்பில் முத்து. இவள் உடைத்ததிலிருந்து தெறித்தது மாணிக்கம். ராஜாவுக்குத் தன் தப்பு புரிந்துவிடுகிறது. தீர்ப்பு அந்த நிமிஷமே! வாய்தா, அப்பீல் ஒன்றும் கிடையாது.

இந்தப் பக்கம் புகாரில் அந்தக் குடும்பங்களின் செல்வம் என்ன ஆச்சு? சேதி கேட்டதும் கோவலனின் அப்பா மாசாத்துவான் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிவிட்டார். கண்ணகியின் அப்பா மாநாய்கன் ஆசீவகர்களோடு போய்விட்டார். வாரிசு இல்லாத சொத்துக்கு அதுவும் ஒரு வழி.

இது காப்பியம். அதே சோழ மண்ணில், கொஞ்சம் மேற்கே தஞ்சாவூரில், 19-ம் நூற்றாண்டில் நிஜமாகவே ஒரு பெண் இப்படி நியாயம் கேட்டுப் போனார். பெயர் காமாட்சி பாய். மகாராணி!

அவர் கணவர் சிவாஜி, இரண்டாம் சரபோஜியின் மகன். (மராட்டிய மாவீரர் சிவாஜி வேறு. இவர்கள் அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜியின் வம்சம்.) 1799-லேயே சரபோஜியிடம் கையெழுத்து வாங்கி, நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருந்தது கோட்டை, அரண்மனை, பட்டம், வருமானத்தில் ஒரு பங்கு.

1855 அக்டோபர் 29-ம் தேதி சிவாஜி இறந்தார். ஒரு டஜனுக்கும் மேல் ராணிகள். இரண்டு மகள்கள். மகன் இல்லை. போதாதா? அது டல்ஹௌசி காலம். ஜான்சியும் நாக்பூரும் முந்தைய வருஷம்தான் இப்படிப் போயிருந்தன. ‘வாரிசு இல்லை’ என்று தஞ்சையின் கதையையும் முடித்தார்கள்.

ராஜ்யம் போகட்டும். ராஜாவின் சொந்த நகை, நிலம், பண்டம் பாத்திரம்? மகன் இல்லாதவரின் தனிச் சொத்து, ஆயுள் வரைக்கும் விதவைக்கு. அந்தக் காலத்து இந்துச் சட்டமே அப்படித்தான் சொன்னது. ஆனால் 1856 அக்டோபர் 18 அன்று ரெசிடென்ட் ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் நுழைந்தார். எல்லாவற்றுக்கும் சீல். வாசலில் பாரா!

மூத்த ராணி காமாட்சி பாய் அழுதுகொண்டு உட்காரவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வெள்ளைக்கார நீதிபதிகள்தான். ஆனாலும் சொந்தச் சொத்து ராணிக்கே என்று தீர்ப்பு!

விஷயம் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே சொன்ன வாதம்தான் அபாரம். ‘சொத்து எங்களுடையது’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘சட்டப்படி எடுக்கவில்லை, ஆளும் அரசு என்ற முறையில் எடுத்தோம். அதைக் கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை.’

1859-ல் லார்டு கிங்ஸ்டவுன் தீர்ப்பு எழுதினார். ராஜ்யத்தின் மீதோ, ராஜாவின் சொத்தின் மீதோ கம்பெனிக்குச் சட்ட உரிமை இருந்ததாகக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால், ‘இது அரசின் செயல். சரியா தப்பா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை.’ ராணி தோற்றார். பாண்டியனுக்குக்கூட இப்படி ஒரு யோசனை தோன்றவில்லை பாருங்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இணைந்தபோதும் பழைய ராஜாக்கள் கொடுத்த உரிமைகளைக் கேட்டுச் சிலர் கோர்ட்டுக்கு வந்தார்கள். அப்போது நம் உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்டது இந்தத் தஞ்சாவூர் வழக்குதான். வெள்ளைக்காரன் பிடித்த கேடயத்தை நம்மவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கிலீஷ்காரர்களுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். 1862 ஆகஸ்டில் சென்னை அரசு ஒரு உத்தரவு போட்டது. சொத்தில் பெரும்பகுதி ராணிகளுக்குத் திரும்பியது. நிர்வாகம் காமாட்சி பாய் கையில், அனுபவம் எல்லா ராணிகளுக்கும். அப்புறம் என்ன, வீட்டுக்குள்ளேயே வழக்கு! இளைய ராணிகள் பெரிய ராணி மேல் கேஸ் போட, சென்னை உயர் நீதிமன்றம் 1868-ல் தீர்ப்புச் சொன்னது: சொத்து எல்லா விதவைகளுக்கும் கூட்டாகத்தான், ஒருவர் கண்மூடினால் மிச்சமிருப்பவர்களுக்கு.

அந்த 1862 உத்தரவில் இன்னொரு வரியும் இருக்கிறது. கடைசி ராணியும் போன பிறகு சொத்து ராஜாவின் மகளுக்கு. ‘வாரிசு இல்லை’ என்று 1855-ல் கணக்கை மூடியபோதும் அந்த மகள் உயிரோடுதான் இருந்தார்.