சுர்மாவும் ஆல்கஹாலும்: கரிமச் சேர்மப் பெயர்களில் அரபுச் சுவடுகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஆலிம் படிப்போடு மேல்நிலைத் தேர்வுக்கும் தனியே படித்து வந்த மாணவர் ஒருவர் வேதியியல் பாடநூலும் கையுமாக நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், ஆல்கஹால் என்பது ‘அல்-ஃகவ்ல்’ என்ற குர்ஆனியச் சொல்லின் திரிபு என்று மீலாது மேடையில் கூறினீர்கள். நூலகத்துக் கலைக்களஞ்சியம் ‘அல்-குஹ்ல்’ என்கிறதே?” என்று பணிவுடன் கேட்டார்.

நாம் அவ்வாறு பேசியது உண்மைதான். எவரோ சொல்லக் கேட்டதை ஆராயாமல் எடுத்துரைத்திருந்தோம். அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனம், சுவனத்துப் பானத்தில் ‘ஃகவ்ல்’ இராது என்கிறது. மதியைக் கெடுப்பது, தலைவலி, கேடு என்றெல்லாம் முஃபஸ்ஸிர்கள் இதற்குப் பொருள் தருவர். பொருள் பொருந்துவதால் ஒலியும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அச்சொல்லில் ‘காஃப்’ இல்லை, ‘ஹா’வும் இல்லை. அதே வேரில் பிறந்த ‘ஃகூல்’ என்ற சொல் ஐரோப்பா சென்ற விதம் நமக்குத் தெரியும். ‘ரஃஸுல் ஃகூல்’ என்று அரபு வானியலார் அழைத்த விண்மீன் அங்கே ‘அல்கோல்’ ஆயிற்று. ‘ஃகைன்’ எழுத்து இலத்தீன் ‘ஜி’யாக மாறிற்று. ஆல்கஹாலிலோ ‘சி’யும் ‘ஹெச்’சும் நிற்கின்றன. அவை ‘குஹ்ல்’ என்ற சொல்லின் காஃபும் ஹாவும் அன்றி வேறல்ல.

குஹ்ல் என்பது கண்ணுக்கு இடும் மை. நம் இல்லங்களில் சுர்மா என்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிப் பரிந்துரைத்த ‘இஸ்மித்’ கல்லை நுண்ணிதின் அரைத்துச் செய்யப்படுவது. இச்சொல் இலத்தீன் நூல்களில் நுழைந்தபோது மையை மட்டுமின்றி, மிக நுண்ணிய எந்தப் பொடியையும் குறித்தது. பொடியின் நுண்மை, பிறகு ஒரு பொருளின் சாரம் என்ற கருத்தாக விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் (1493–1541) திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்தை ‘மதுவின் ஆல்கஹால்’ என்றார். காலப்போக்கில் ‘மதுவின்’ என்ற அடை உதிர்ந்து, மையின் பெயர் சாராயத்திற்கு நிலைத்துவிட்டது.

ஆகவே சொல் நம்முடையது. அதற்கு அப்பொருளைத் தந்தது ஐரோப்பா. நம் முன்னோர் வாலையில் வடிக்கும் கலையில் தேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. அல்-கிந்தி நறுமணப் பொருட்களை வடிப்பது குறித்துத் தனி நூலே எழுதினார். ஆயினும் வடிகலத்தைக் குறிக்கும் ‘அன்பீக்’ என்ற சொல்லை அவர்களும் கிரேக்கரிடமிருந்தே பெற்றனர். அதைச் சொல்ல அவர்கள் நாணியதில்லை.

இனி அம்மாணவரின் பாடநூலுக்கு வருவோம். 1834 அளவில் டூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு அறிஞர்கள், மரச்சாராயமும் திராட்சைச் சாராயமும் ஒரே அமைப்புடையவை எனக் காட்டினர். அதன்பின் ‘ஆல்கஹால்’ ஒரு தனிப்பொருளின் பெயராக இராமல் ஓர் இனத்தின் பெயராயிற்று. 1835இல் ஜெர்மானியர் லீபிக், ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜன் நீக்கப்பட்ட பொருளுக்குப் பெயர் தேடினார். ‘ஹைட்ரஜன் நீங்கிய ஆல்கஹால்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் இரு சொற்களையும் தலைப்பகுதி மட்டும் வைத்து ஒட்டி ‘ஆல்டிஹைடு’ என்றார்.

சேர்மங்கள் பெருகப் பெருகப் பெயர்க் குழப்பமும் பெருகிற்று. 1892 ஏப்ரலில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலார் ஜெனீவாவில் கூடி விதி வகுத்தனர். மூலக்கூறின் மிக நீண்ட கரிச்சங்கிலியே பெயரின் அடி. வினைத்தொகுதி அதன் ஈறு. இரு கரியணுக்கள் கொண்ட சங்கிலி ஈத்தேன். அதில் ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்தால் ஆல்கஹாலின் வாலைப் பெற்று ‘எத்தனால்’ ஆகும். ஆல்டிஹைடாயின் அதன் தலையைப் பெற்று ‘எத்தனல்’ ஆகும்.

அரபு இலக்கணம் கற்றவர்க்கு இது பெருவியப்பு. எத்தனலின் ஈற்றில் நிற்பது, இஸ்ம் எதுவுமின்றித் தனித்து நிற்கும் நம் ‘அலிஃப்-லாம்’! எத்தனாலின் ஈற்றில் எஞ்சியிருப்பதோ குஹ்லின் கடைசி லாம். நடுவிலிருந்த காஃபும் ஹாவும் இரண்டிலும் இல்லை.

இடையே ஒன்று. இன்று அழகுப் பொருட்களின் உறையில் ‘ஆல்கஹால்’ என்ற சொல்லைக் கண்டதும் பதறி வருவோர் பலர். சீட்டைல் ஆல்கஹால் என்பது மெழுகு போன்ற திண்மம். அது போதை தருவதில்லை. கிளிசரால், மென்தால் ஆகியனவும், நம் குருதியிலேயே ஓடும் கொலஸ்டிராலும் அந்த ‘ஆல்’ ஈற்றைப் பெற்றவையே. ஹுக்மைக் கூற வேண்டியவர்கள் முஃப்திகள். ஆனால் கம்ரு எது என்பதை வேதியியலார் இட்ட இனப்பெயர் தீர்மானிக்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

பென்சீனின் கதை இதற்கு நேர்மாறானது. சுமத்ராவை அரபு வணிகர் ‘ஜாவா’ என்றனர். அங்கு மரத்திலிருந்து வடியும் பிசின் ‘லுபான் ஜாவீ’. இப்னு பதூதாவும் தம் பயண நூலில் இதைக் குறிப்பிடுகிறார். நாம் வெள்ளி இரவுகளில் புகையிடும் சாம்பிராணிதான் அது. ‘லுபான்’ என்பதன் முதலசையைத் தம் மொழிச் சுட்டு என மயங்கி ஐரோப்பியர் வெட்டிவிட, எஞ்சியது ‘பென்ஜாயின்’ ஆயிற்று. குஹ்லுக்கு நம் ‘அல்’ஐயும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள், லுபானுக்கு அதன் சொந்த அசையையே அறுத்தெறிந்தார்கள்! அப்பிசினிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். 1833இல் மிட்சர்லிக் அதைச் சுண்ணாம்புடன் சூடாக்கிக் கிடைத்த நீர்மத்துக்கு ‘பென்சின்’ எனப் பெயரிட, லீபிக் அதை ‘பென்சால்’ என மாற்றினார். அந்த ஈறு ‘எண்ணெய்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஆல்கஹாலின் வால் ஹைட்ராக்சிலுக்கே உரியது என்று விதியான பின், ஹைட்ராக்சில் இல்லாத பொருளுக்கு அவ்வீறு பொருந்தாமற் போயிற்று. ஆங்கிலத்தில் பென்சீன் நிலைத்தது. ஜெர்மானியர் இன்றும் ‘பென்சால்’ என்றே எழுதுகின்றனர்.

அரபியரோ தம் பழைய சொல்லை ஐரோப்பாவிலிருந்து ‘குஹூல்’ எனத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஆனால் சிரியாவின் வேதியியல் பாடநூல்கள் ஆல்கஹால்களை ‘அஃக்வால்’ என்கின்றன. நாம் மேடையில் சொன்ன அதே ஃகவ்லின் பன்மை அது. வரலாறு தராத சொல்லை அவர்கள் அறிந்தே தேர்ந்து வைத்துக்கொண்டார்கள். இதையும் அம்மாணவரிடம் சொன்னோம். “அப்படியானால் தாங்கள் சொன்னது பாதி சரி, ஹஜ்ரத்” என்றார். இல்லை, முழுவதும் தவறுதான் என்று சொல்லி அவரை வகுப்புக்கு அனுப்பினோம்.