அலைவுகாட்டி

ஆசிலோஸ்கோப்புக்குத் தமிழில் அலைவுகாட்டி. மூலச்சொல்லின் முன்பாதி லத்தீன்: 'ஆசில்லும்' என்றால் சிறு முகம். ரோமானியர் மரக்கிளையில் தொங்கவிட்ட சிறு முகமூடிக்கு அந்தப் பெயர். காற்றில் அது ஆடியதால் ஊசலாட்டத்துக்கே பெயராயிற்று என்பர். பின்பாதி கிரேக்கம்: பார்த்தல். 1897இல் ஜெர்மானியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கதிர்க்குழாய்தான் கருவிக்கு முன்னோடி.

பெயரின் பொருத்தத்தைக் கார் பட்டறையில் பார்க்கலாம். ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு போயிருந்தாலும் மல்டிமீட்டர் பல சமயம் 14 வோல்ட் பக்கமாகவே காட்டிக்கொண்டிருக்கும். அது சொல்வது சராசரியை. அலைவுகாட்டித் திரையிலோ, சீரான சிறு மேடுகளுக்கு நடுவே, பல் உடைந்த சீப்பு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும்.

'அலைநோக்கி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்குக் 'காட்டி'தான் சரி. நோக்குகிறவர் மெக்கானிக்.